ஒரு கொலையிலிருந்து தொடங்குங்கள்: வரலாற்று நூல்களை ருசித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

என் அலமாரியின் மேல்தட்டில் தென்னிந்திய வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் 40ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய சூட்டோடு, ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நில அமைப்பு, மழையளவு, பழைய கற்காலம், கைக்கோடரி, சுரண்டும் கருவி என்று போய்க்கொண்டே இருந்தது. கும்பகோணம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

புத்தகத்தின் மேல் குற்றமில்லை. தேர்வுக்குப் படிக்கிறவனைப் போல நான் அதைப் படித்தேன். யாரும் கேள்வித்தாள் தரப்போவதில்லை என்பது உறைக்கவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாக் காலத்துக்கும் பொதுவாகப் பேசினால் உபதேசமாகிவிடும் என்பதால், சோழர் வரலாற்றின் ஒரே ஒரு கொலையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். உங்கள் ஆர்வம் வேறு இடத்தில் இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

படி 1: காலத்தை அல்ல, கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

'சோழர் வரலாறு படிக்கப் போகிறேன்' என்பது தீர்மானம். தீர்மானங்கள் தை மாதத்தில் பிறந்து மாசியில் செத்துவிடும். 'சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?' என்பது கேள்வி. அது தூங்க விடாது.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னை ஐந்து பாகமும் முடித்துவிட்டு, 'அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன?' என்று கேட்காதவர்கள் குறைவு. நாவல் அந்த இடத்தில் வேண்டுமென்றே புகைமூட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் புகைதான் உங்கள் நுழைவாயில்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பெயர் ஏன் 'மங்கலம்' என்று முடிகிறது? கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் ரங்கூன் போனார்? தெருமுனையில் இருக்கும் சிதைந்த சத்திரத்தைக் கட்டியது யார்? இவையெல்லாம் நல்ல கேள்விகளே. 'தமிழர் நாகரிகத்தின் தோற்றம்' மாதிரியானவற்றை ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கதையையும் வரலாற்றையும் இரண்டு நிரலாகப் பிரியுங்கள்

நாவலிலிருந்து வருபவர்கள் மட்டும் இதைச் செய்தால் போதும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் நாவலில் வரும் பெயர்களை எழுதுங்கள். வரலாற்று நூலில் அந்தப் பெயரைச் சந்திக்கும்போது வலப்பக்கம் குறியுங்கள்.

நந்தினிக்கு நேரே வலப்பக்கம் கடைசிவரை வெற்றிடமாகவே இருக்கும். அவள் முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவனுக்கு நேரே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று இராசராசனின் அக்காள் குந்தவையைக் குறிப்பிடும்போது அவளை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்கிறது. இதைப் போன்ற சில சொற்களிலிருந்துதான் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் குதிரையோட்டும் ஒரு கதாநாயகன் எழுந்து வந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கல்கி மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

படி 3: ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு நூல்களை எடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நானும் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

ஒரே நூலைப் படித்தால் அதில் சொன்னதே நடந்தது என்று நம்பி மூடி வைத்துவிடுவோம். இரண்டு நூல்கள் சண்டையிட்டால்தான் ருசி. ஆதித்தன் விஷயத்தில் அந்தச் சண்டை தயாராக இருக்கிறது. ஒருபுறம் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சோழர்கள்' 1935லும் 1937லும் இரண்டு தொகுதிகளாக வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. மறுபுறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தி.வை. சதாசிவப் பண்டாரத்தார். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதி விஜயாலயனில் தொடங்குகிறது. நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். சுந்தர சோழன், உத்தம சோழன், முதலாம் இராசராசன் ஆகிய மூவர் பற்றிய அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். இடையில் குதித்துப் படிப்பது குற்றமல்ல. கலியாண விருந்தில் எல்லோரும் பாயசத்துக்குக் காத்திருப்பதில்லை.

இருவர் முன்னாலும் இருப்பது ஒரே சான்று. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று த்ரோஹிகளான' என்று தொடங்கி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று சகோதரர்களின் பெயர்களை அடுக்குகிறது.

கவனியுங்கள், இது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. துரோகிகளின் சொத்தைக் கைப்பற்றச் சொல்லும் அரச ஆணையும், அந்த நிலம் கைமாறிக் கோயில் தருமத்துக்கு வந்த விவரமும் சேர்ந்த ஆவணம். இன்றைய மொழியில் சொன்னால், ஒரு கிரயப் பத்திரத்தின் முகப்பில் மூலப்பத்திர விவரம் போல ஓர் இளவரசனின் கொலை வந்து போகிறது. ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்லில் வெட்டியவருக்கு நிலத்தின் எல்லைதான் முக்கியம்.

இங்கிருந்து இரு வழிகள் பிரிகின்றன. ஆதித்தன் இறந்த பிறகு அரியணை ஏறியவர் அவருடைய தம்பி அருள்மொழி (பின்னாளில் இராசராசன்) அல்லர். சிற்றப்பன் முறையான உத்தம சோழர். அவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டார். கொலையாளிகளின் சொத்து பறிமுதலானது பற்றிய செய்தியோ அவருக்குப் பின் வந்த இராசராசனின் கல்வெட்டில் கிடைக்கிறது. மக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும் வரை அரசு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்த சாஸ்திரியின் ஐயம் உத்தம சோழர் மேல் விழுகிறது.

பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. அவருடைய வாதங்களை நான் சொல்லிவிட்டால் உங்கள் சுவை கெட்டுவிடும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: 2ஆம் ஆட்சியாண்டு என்பது கல்வெட்டின் ஆண்டு. விசாரணை அன்றுதான் தொடங்கியது என்று அந்தக் கல் சொல்கிறதா? இன்னொன்று: உத்தம சோழரின் மகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் அதிகாரியாக இருந்து கோயில் காரியங்களை மேற்பார்த்திருக்கிறார். அண்ணனைக் கொன்ற குற்றம் படிந்தவரின் மகனுக்கு அப்படி ஒரு பதவி கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றும் வாதாடலாம். அரசியலில் எதிரியின் மகனை அருகில் வைத்துக்கொள்வதும் ஒரு தந்திரமே.

நான் பண்டாரத்தார் பக்கம்தான். ஆனால் சாஸ்திரியின் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறேன். இந்த ஆட்டம் கிடைக்கவில்லை என்றால் சரியான நூல்களை நீங்கள் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள்.

படி 4: அடிக்குறிப்பைத் தாண்டாதீர்கள்

பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் '577/1920' என்பது போல ஏதாவது இருக்கும். கண் தானாகவே தாண்டிப் போகும். அதில் மந்திரம் எதுவுமில்லை. 1920ஆம் ஆண்டுக்கான கல்வெட்டு அறிக்கையில் 577ஆவது பதிவு என்பதே அதன் பொருள். நாம் மேலே பார்த்த உடையார்குடிக் கல்வெட்டுக்கு உரிய எண் இது.

அடிக்குறிப்புகளில்தான் வரலாற்றாசிரியர்கள் மேலாடையைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார்கள். மேலே 'சிலர் இவ்வாறு கருதுவர்' என்று மரியாதையாக எழுதிவிட்டு, கீழே அந்தச் சிலரின் பெயரைச் சொல்லி அவர்கள் படித்த பாடமே பிழை என்று வெட்டுவார்கள். 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற மெய்க்கீர்த்தித் தொடரை (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி அது) எடுத்துக்கொள்ளுங்கள். கலம் என்றால் கப்பல், இராசராசன் சேரரின் மரக்கலங்களை அழித்தான் என்கிறார்கள் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம், சாலை என்பது உணவிட்ட கல்விச்சாலை என்கிறார்கள் மற்றொரு சாரார். ஒரே சொல்லில் கடற்படையும் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டும் இருக்கிறது. இந்தச் சண்டையை அடிக்குறிப்புகள் வழியாகவே தொடர்ந்து போனால் ஒரு மழைக்கால மாலை போவதே தெரியாது.

படி 5: வம்ச மரத்தைக் கையால் வரையுங்கள்

சோழர் வரலாற்றைப் பாதியில் விடுபவர்கள் விடுவது பெரும்பாலும் பெயர்க் குழப்பத்தால். இரண்டாம் பராந்தகன்தான் சுந்தர சோழன். இறந்த பிறகு அவரே 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. போதாததற்கு அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொள்வார்கள். கல்வெட்டு 'கோப்பரகேசரி' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், எந்தப் பரகேசரி என்று கண்டுபிடிப்பது ஆய்வாளருக்கே தலைவலி.

நூலின் இறுதியில் அச்சிட்ட மரம் இருக்கலாம். இருந்தாலும் நீங்களே ஓர் அஞ்சலட்டை அளவு அட்டையில் வரையுங்கள். கண்டராதித்தர், அரிஞ்சயர் என்ற இரு சகோதரர்கள். மூத்தவரின் மகன் உத்தமர். இளையவரின் மகன் சுந்தரர். சுந்தரரின் பிள்ளைகள் ஆதித்தன், குந்தவை, அருள்மொழி. இந்த ஏழு பெயரும் இரண்டு கோடுகளும் போதும், வாரிசுச் சிக்கல் முழுவதும் விளங்கிவிடும். அதையே புத்தகக்குறியாகச் செருகிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்வெட்டுகள் கி.பி. எண்ணைத் தருவதில்லை, அரசனின் இத்தனையாவது யாண்டு என்று மட்டும் சொல்லும். சில கல்வெட்டுகளில் நட்சத்திரம், திதி, கிழமை இருக்கும். அவற்றை வானியல் கணக்கோடு பொருத்தித்தான் இராசராசன் 985இல் ஆட்சிக்கு வந்தார் என்று முடிவுகட்டினார்கள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி தனி விருந்து.

படி 6: நடுவில் குரலை மாற்றுங்கள்

கல்வெட்டும் செப்பேடும் தொடர்ந்தால் அலுப்புத் தட்டும். எனக்கு மூன்றாவது மாதத்தில் தட்டியது. அப்போது காலத்தையே மாற்றி, ஆளின் குரல் கேட்கும் நூலொன்றை எடுங்கள்.

என் பரிந்துரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம் வரை எழுதினார். 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி இதைத் தேடி எடுக்கும் வரை வெளியுலகுக்குத் தெரியாது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த செய்தி, கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, யார் யாருக்கு எவ்வளவு நசர் (காணிக்கை) கொடுத்தார், நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டது, துய்ப்ளேயின் மனைவி எல்லாவற்றிலும் தலையிடுகிறார் என்ற புகைச்சல் என எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பேச்சு வழக்கும் பல மொழிச் சொற்களும் கலந்த அந்த நடை முதலில் முரண்டு பிடிக்கும். வாய்விட்டுப் படியுங்கள், வழிக்கு வந்துவிடும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய நூல் அல்ல. இரவுக்கு மூன்று நாள் பதிவுகள் போதும்.

அது கடினமாகத் தோன்றினால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இதை வரலாற்று நூல் என்று யாரும் அடுக்குவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பையன் படிப்பதற்காக என்ன பாடுபட்டான், மடங்கள் எப்படி இயங்கின, வண்டியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது எப்படி இருந்தது என்பதையெல்லாம் இதைவிடச் சுவையாகச் சொன்ன நூலை நான் படித்ததில்லை.

படி 7: அரசர்களிடமிருந்து இறங்கி வாருங்கள்

சிறிது பழகிய பிறகு, போரும் பட்டாபிஷேகமும் இல்லாத பக்கங்கள்தான் இழுக்கத் தொடங்கும். பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன், 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொல்கிறார். அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட பெண்களின்) பெயர்களும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதவிலக்கப் பட்டியல்! அவர்கள் விரும்பி வந்தார்களா, அழைத்து வரப்பட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை.

இந்தக் கட்டத்தில் எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா போன்றோரின் ஆய்வுகள் கைகொடுக்கும். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து பெயர்களையும் நில உரிமைகளையும் எண்ணிக் கணக்கெடுத்து, கிராமம் எப்படி மாறியது என்று காட்டியவர்கள். நடை வறண்டதுதான். அட்டவணைகள் வரும். ஆனால் அதற்குள் உங்களுக்கே கேள்விகள் இருப்பதால் அட்டவணையும் கதை சொல்லும். முதல் மாதத்திலேயே எடுத்தால் என் 40ஆம் பக்கக் கதைதான்.

உத்திரமேரூர்க் குடவோலையையும் இங்கே மறுபடி படியுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு, வேட்பாளருக்கு 35 முதல் 70 வயது, கால் வேலிக்கு மேல் இறை (வரி) செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்று தகுதிகளை விதிக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் கடைசித் தகுதியை விழுங்கிவிட்டு 'உலகின் முதல் ஜனநாயகம்' என்பார்கள். அது ஒரு பிராமணச் சபையின் விதிமுறை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அது வியப்புக்குரிய ஆவணம்தான்; வியப்பின் நிறம்தான் வேறு.

படி 8: போலியை முகர்ந்து அறியுங்கள்

'மறைக்கப்பட்ட', 'அதிர்ச்சியூட்டும்', 'விஞ்ஞானிகளே வியக்கும்' ஆகிய சொற்கள் அட்டையில் இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருக்கிற நூல்கள் உண்டு. நிழல் விழுகிறது, மாலையில் போய் நின்றால் உங்கள் மேலேயே விழும்.

நல்ல நூலுக்கு என்னிடம் ஒரே சோதனை உண்டு. ஆசிரியர் எங்காவது 'இருக்கலாம்', 'தெளிவில்லை', 'முன்பு நான் எழுதியது தவறு' என்று சொல்கிறாரா என்று புரட்டிப் பார்ப்பேன். எல்லாம் தெரிந்தவர் எழுதியது எனக்கு வேண்டாம்.

படி 9: செலவு

பெரிதாக இல்லை. பண்டாரத்தார், மா. இராசமாணிக்கனார், மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோரின் நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், பழைய பதிப்புகளுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பென்சில் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள். எனக்கு முன் படித்தவர் சாஸ்திரியின் ஒவ்வொரு வரிக்கும் 'தவறு!' என்று எழுதிவைத்திருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படி 10: ஊருக்குப் போங்கள், பிறகு முதல் சான்றுக்குத் திரும்புங்கள்

படித்ததில் ஓரிடத்தையாவது நேரில் பாருங்கள். பண்டாரத்தார் பிறந்த ஊர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புறம்பயம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர்களின் எழுச்சிக்கு வழிதிறந்த போர் நடந்ததும் அதே ஊரில்தான். போர்க்களத்தில் பிறந்த பையன் அந்தப் போரைப் பற்றி எழுதினார் என்பது எந்த நூலின் முன்னுரையையும்விட எனக்குப் பிடித்த செய்தி.

உடையார்குடிக்கும் போனேன். வீராணம் ஏரிக்கரை வழியாகப் போக வேண்டும். கல்கியின் நாவல் தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில்தான். வந்தியத்தேவன் குதிரையில் போன கரைக்கு அருகிலேயே கொலையாளிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்ப்பது நல்லது. கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இருக்காது. முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியாது. பிறகு ஒரு 'ன', ஒரு 'ம' என்று கண் பழகும்.

அன்று திரும்பி வந்து பாடத்தை மறுபடி படித்தபோதுதான், முதல் வாசிப்பில் தாண்டிப்போன இடம் கண்ணில் பட்டது. சொத்தை இழக்க வேண்டியவர்கள் அந்தச் சகோதரர்கள் மட்டுமல்லர். அவர்களுடைய பிள்ளைகள், பெரியப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமனார்கள், அவர்களுடன் பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆதித்தனைக் கொன்றது யார் என்று இத்தனை மாதம் தேடிய எனக்கு, அன்றிரவு வேறொருவர் மேல் நினைவு போயிற்று: ரவிதாசனின் தங்கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கல்வெட்டு சொல்லும் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில் ஏதோ ஒரு தெருவில் இருந்த அந்த மாப்பிள்ளை. அரச ஓலை சபையில் படிக்கப்பட்ட நாளில் அவர் எங்கே நின்றிருப்பார்? இப்போது சோழர் காலத்துத் தண்டனை முறைகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.